போடிமெட்டுக்கு இருபுறமும் ஒரே டயர்

ஜூன் மாதம் போடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் மேலே, கேரளத்துப் பூப்பாறையில் மழை விடாமல் பிடித்திருக்கும். தென்மேற்குப் பருவமழை இடுக்கிப் பக்கத்துச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, மேட்டைத் தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் காற்றாக வருகிறது. அதனால் தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் வண்டி காலையில் சூடான காய்ந்த தாரில் கிளம்பி, எல்லையில் இருக்கும் போடிமெட்டில் நனைந்த தாரைத் தொட்டு, சாந்தன்பாறைக்கு உள்ளே போனதும் செம்மண் சேற்றிலும் உடைகல்லிலும் ஏற வேண்டும். மாலையில் இதையெல்லாம் தலைகீழ் வரிசையில் கடந்து வீடு வர வேண்டும். இத்தனைக்கும் ஒரே டயர்தான். போன வருடம் ஐந்து டயரையும் ஒன்றாக மாற்ற வேண்டிவந்தபோது யோசித்ததையும் விசாரித்ததையும் எழுதி வைக்கிறேன். தேனி, கம்பம், தேவாரம் பக்கத்திலிருந்து மேலே தோட்டம் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

அப்பா தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். விடிவதற்கு முன் போடியிலிருந்து கிளம்பி மெட்டு ஏறும் அந்த ஜீப்புகளில் ஒன்று அவருடையது. பிறகு கொஞ்சம் ஏலத்தோட்டம் வாங்கினார். இப்போது அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வண்டி கைமாறி வந்த 2017 மாடல் மஹிந்திரா தார், சிஆர்டிஇ என்ற டீசல் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இதில் கிடையாது. தாருக்கு அது 2019இல்தான் வந்தது. பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். டயர் தேர்வில் இந்த இரண்டு விவரங்களும் எனக்கு முக்கியமாக இருந்தன. ஏனென்று சொல்கிறேன்.

ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கம்பத்தில் இருக்கும் அக்கா மகன் முதலில் ஆரம்பித்தான். "சித்தி, எம்டி போட்டுவிடுங்கள். எந்தச் சேற்றிலும் நிற்காது" என்றான். எம்டி என்பது சேற்றுக்கென்றே செய்த டயர். பெரிய பெரிய பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டிகள், பட்டன்களுக்கு நடுவே அகலமான பள்ளம், பார்த்தாலே பயமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் பட்டன் டயர் என்றால் இதைத்தான் சொல்வார்கள். இன்னொரு முனையில் ஹெச்டி, நெடுஞ்சாலைக்கானது. பெரும்பாலான வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போது இதைத்தான் போட்டு வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ/டி, எல்லா நிலத்துக்கும் என்று பெயர் வாங்கிய டயர்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன பதில் இது. சேற்றில் மாட்டினால் நின்றுவிடுவேன், அவ்வளவுதான். இறங்கி ஆளைக் கூப்பிடலாம், மண்வெட்டி எடுக்கலாம், சங்கிலி கட்டலாம். போடிமெட்டிலிருந்து முந்தல் வரை இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகளில், மழை தூறி ஈரமான தாரில், பின்னால் ஏலக்காய் மூட்டையும் ஆட்களும் இருக்கும்போது டயர் வழுக்கினால் ஆளைக் கூப்பிட நேரம் கிடைக்காது. ஈரத் தாரில் எம்டி டயர் பின்தங்குவதற்குக் காரணம் அதன் வடிவமே. சாலையில் படுகிற ரப்பர் குறைவு, பட்டனுக்குள் மெல்லிய கீறல்களும் குறைவு. அந்தக் கீறல்கள்தான் தண்ணீர்ப் படலத்தை வெட்டி ரப்பரைத் தாரோடு சேர்க்கின்றன. உயரமான பட்டன் பிரேக் போடும்போது வளைந்தும் கொடுக்கும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கப் போகிறவன்.

ஆக, எனக்கு வேண்டியது ஏ/டி என்பது சீக்கிரமே முடிவாகிவிட்டது. அளவுதான் இழுத்தடித்தது.

தார் சிஆர்டிஇயின் கம்பெனி அளவு 235/70 ஆர்16. முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 235இல் 70 சதவீதம் என்றால் 164.5 மி.மீ. கடைசி எண் ரிம்மின் விட்டம், 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. மேலும் கீழும் பக்கச் சுவரைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 735 மி.மீ. 2020இல் வந்த புதிய தாரில் ஏஎக்ஸ் வகைக்கு 245/75 ஆர்16 போட்டார்கள். ரிம் அதே பதினாறு என்பதால் பழைய தார்க்காரர்கள் பலருக்கு அதன் மேல் கண். அதன் விட்டம் 774 மி.மீ. வித்தியாசம் 39 மி.மீ. வண்டி உயர்வது அதில் பாதி, இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் சக்கரத்தின் சுற்றளவு ஐந்து சதவீதம் கூடிவிடுகிறது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். அதையாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உறைத்தது வேறு. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் அதே ஐந்து சதவீதம் நீண்டுவிடுகிறது. ஏறும்போது எஞ்சின் கொஞ்சம் திணறும்; டீசல் வண்டி, சமாளித்துவிடும். இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பிடி ஐந்து சதவீதம் தளர்கிறது. பின்னால் டிரம் வைத்த அதே பிரேக் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது, சக்கரத்தின் எடையும் கூடியிருக்கிறது. முந்தல் வருவதற்குள் பிரேக் கருகும் வாடை அடிப்பதை அந்தச் சாலையில் போனவர்கள் எல்லோரும் முகர்ந்திருப்பார்கள். இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்காக அந்த வாடையை நான் விலைக்கு வாங்க வேண்டுமா?

சட்டமும் ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளர் பதிவுக்குக் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நின்றால் மெட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். வாரத்தில் பாதி நாள் எல்லை தாண்டுகிற எனக்கு அந்த வம்பு வேண்டாம். 235/70 ஆர்16 என்றே முடிவு செய்தேன்.

அடுத்தது பக்கச் சுவர். எங்கள் தோட்டத்துப் பாதையில் சேறு சில மாதங்களுக்குத்தான். கல் வருடம் முழுவதும் இருக்கிறது. உடைத்துப்போட்ட கருங்கல் மழையில் மண் அரித்து நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டயரின் நடுப்பகுதியில் குத்தினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கத்தில் கிழித்தால் டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ரேடியல் டயரில் எஃகுக் கம்பிப் பட்டை நடுப்பகுதிக்குக் கீழேதான் ஓடுகிறது. பக்கச் சுவரில் துணி அடுக்கு மட்டும். பழைய ஜீப்புகளின் நைலான் டயரில் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் பக்கச் சுவர் வரை போகின்றன. கல்லுக்கு அது கெட்டி; வேகமாக ஓட்டினால் சூடேறும், தாரில் சீக்கிரம் தேயும்.

கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஓட்டும் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப் பாதை கேரளத்தின் வழியாகத்தான். கல்லைத் தவிர வேறெதுவும் இல்லாத பாதை. "அண்ணே, ரேடியல் போட்டுப் பார்த்ததில்லையா?" என்றேன். "போடலாம் அக்கா. நாங்கள் நடக்கிற வேகத்தில்தானே போகிறோம்? எங்களுக்கு நைலான் போதும். நீங்கள் போடியிலிருந்து தாரில் வருகிறவர்கள், உங்களுக்கு இது ஒத்துவராது" என்று என் முன்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஒன்று சொன்னார்: "பக்கம் கிழிவது டயரால் இல்லை. ஓட்டுகிறவர் கல்லின் மேல் ஏறாமல் ஓரத்தில் உரசிக்கொண்டு போவதால்." இதை அப்பாவும் சொல்லியிருக்கிறார். கல்லைக் கண்டால் சக்கரத்தை நேராக அதன் தலையில் ஏற்று என்பார்.

கெட்டியான பக்கச் சுவர் வேண்டுமானால் ரேடியலிலேயே எல்டி வகை இருக்கிறது. அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருக்கும். இலகு ரக லாரிகளுக்கானது, சிலவற்றில் பக்கச் சுவரில் மூன்று அடுக்கு. எடை கூடுதல், விலையும் கூடுதல், அதே சுமையைத் தாங்கக் காற்றும் கூடுதலாக வேண்டும். சுமை கொஞ்சமாக இருக்கும் நாளில் வண்டி தூக்கிப் போடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண வகையில் சுமைக் குறியீடு 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். நான்குக்கும் சேர்த்து 3800 கிலோ. என் வண்டியும் உர மூட்டைகளும் ஆட்களும் சேர்ந்தாலும் அதற்கு வெகு கீழேதான். எல்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் தோட்டத்துப் பாதையில் இரண்டு ஆள் வைத்து நீட்டிக்கொண்டிருக்கும் கூர்க்கல்லைப் பெயர்த்து ஓரம் போடலாம் என்று தோன்றியது. அதையே செய்தேன். டயரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் கடப்பாரையைப் பற்றி எழுதுவதில்லை.

பக்கச் சுவரில் அச்சடித்திருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. சுமை எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து வரும், வேக வரம்பு: எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி என்றால் 190, ஹெச் என்றால் 210. நம் சாலைக்கு எதுவானாலும் சரி. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இதைக் கடையில் குனிந்து பார்க்கிற பெண் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். ஏ/டி டயர் நம் ஊர்க் கடைகளில் வேகமாக விற்பதில்லை. அடுக்கின் அடியிலிருந்து பழைய சரக்கை எடுத்துக் கொடுக்க வாய்ப்பு அதிகம். முதலில் காட்டிய கடையில் ஐந்தில் இரண்டு மிகப் பழையவை. "உள்ளேயே இருந்ததுதான், ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். ஒன்றும் ஆகாது என்றால் அவர் வண்டிக்கே போட்டுக்கொள்ளலாம்.

சில ஏ/டி டயர்களில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கும். பனிப்பொழிவில் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். போடியில் பனிப்பொழிவை எதிர்பார்த்து யாரும் வாங்கப்போவதில்லை. ஜனவரியில் மூணாறு, தேவிகுளம் பக்கம் புல்லில் உறைபனி படியும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த முத்திரைக்கு ஒரு பயன் உண்டு: பட்டனில் கீறல்கள் நிறைய இருக்கும், குளிரிலும் ரப்பர் விறைத்துப் போகாது. மேலே ஈரத் தாரில் அது நன்மை. கீழே போடி வெயிலில் அதே குணம் தேய்மானத்தைக் கூட்டலாம். ரப்பர் கலவை என்பதே இப்படிப்பட்ட பேரம்தான். கல் கொத்தாமல் இருக்க இயற்கை ரப்பர் உதவும். ஈரத்தில் பிடிக்கச் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் உதவும். எல்லாவற்றையும் ஒரே டயரில் அள்ளிக் கொட்ட முடியாது. அந்த இயற்கை ரப்பரில் ஒரு பகுதி எங்களுக்குக் கீழே, காஞ்சிரப்பள்ளி, பாலா பக்கத்து மரங்களிலிருந்து வருவதுதான். ஏலம் விளைகிற உயரத்தில் ரப்பர் மரம் தேறாது.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு வெளிநாட்டுச் சரக்கு முன்போல் தாராளமாக வரவில்லை. என் கணக்கில் இருந்தவை அப்பல்லோ ஆப்டெரா, சியட் சார், ஜேகே ரேஞ்சர், யோகோஹாமா ஜியோலேண்டர். நான்கும் எடுத்துப் பார்க்கத் தகுதியானவை. ஜியோலேண்டரை எடுத்தேன். பட்டன்கள் நெருக்கமாக, நடுவில் கீறல் நிறைய, தோற்றத்தில் ஏ/டி வகையிலேயே சாதுவான டயர். அக்கா மகன் பார்த்துவிட்டு "இது கார் டயர் மாதிரி இருக்கிறது சித்தி" என்றான். அதுதான் எனக்கு வேண்டியது.

விலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் லாபம் என்று இன்னும் சிலர் கட்டப்பனைக்குப் போகிறார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகு வரியில் வித்தியாசம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு அது 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைந்தது. தேதி பார்த்துக் கொடுக்கிற கடை எங்கே இருக்கிறதோ அங்கே வாங்குங்கள்.

ஐந்து டயர் என்று சொல்கிறேனே, ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் சக்கரத்தின் சுற்றளவு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கும். கியர்ப் பெட்டியில் அந்த முறுக்கு விழும். தேய்ந்த மூன்றோடு புதிய ஸ்டெப்னி ஒன்றைப் போட்டு மலைப் பாதையில் ஓட்டுவது அதனால் நல்லதல்ல. ஐந்தையும் சுழற்சியில் மாற்றிக்கொண்டே வந்தால் எல்லாம் ஒன்றாகத் தேயும். என் வண்டியில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் டயரின் எடை கூடினால் கதவுக் கீல் ஆடும். எல்டி வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு சின்னக் காரணம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சாலையில் அது வேடிக்கை காட்டும். மதியம் போடியில் 35 டிகிரி வெப்பத்தில் 30 பிஎஸ்ஐ பிடிக்கிறோம். வண்டி இரவு தோட்டத்தில் நிற்கிறது, விடியற்காலை 15 டிகிரி. குளிரால் மட்டும் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ இறங்கும். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறியிருக்கிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால் மானியில் ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். இரண்டும் சேர்ந்து 28 அல்லது 29இல் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி மேலே காற்று அடித்து, பிறகு கீழே வெயிலில் இறங்கினால் கூடுதலாகிவிடும். கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும் அளவை எங்கே அதிகம் ஓடுகிறோமோ அங்கே, டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் முறை. தோட்டத்துப் பாதைக்குள் நுழையும்போது 20 வரை இறக்குவேன். டயர் பதிந்து படுக்கும், கல் குத்தாமல் வளைந்து கொடுக்கும், வண்டியும் குலுங்காது. ஆனால் அந்தக் காற்றோடு தார்ச்சாலைக்குத் திரும்பக் கூடாது, சூடேறிவிடும். அதற்காகவே பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்று இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. பூப்பாறைக்கு முன்னால் நிறுத்தி நான்கையும் நிரப்பிக்கொண்டுதான் மெட்டுப் பக்கம் திரும்புவேன். ஆட்கள் அதற்குள் ஒரு கட்டன் சாயா குடித்துவிடுவார்கள்.

மாற்றிய பிறகு எப்படி என்றால், ஈரத் தாரில் வளைவுக்கு முன் பிரேக் அழுத்தும்போது வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிறது. தேனி சாலையில் அறுபதுக்கு மேல் போனால் லேசான ஊளைச் சத்தம் உண்டு. வண்டியின் மேல்துணி அடித்துக்கொள்ளும் சத்தத்தில் அது காதில் விழாது. மைலேஜ் சிறிது குறைந்திருக்கிறது. கல்லில் பயம் போய்விட்டது. களிமண்ணில் மட்டும் இது தோற்கும். ஆகஸ்டில் காய் எடுப்புத் தொடங்கி மழையும் விடாமல் இருந்தால், காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பச்சைக்காய் ஏற்றிப்போகும் அந்தக் கடைசி ஏற்றத்தில் பட்டன் இடுக்கெல்லாம் களி அப்பிக்கொண்டு மொட்டை டயர் போல ஆகிவிடும். எம்டி போட்டிருந்தால் ஏறியிருக்குமோ என்று அக்கா மகன் கேட்டான். ஏறியிருக்கும். அந்தச் சில வாரங்களுக்கு அப்பாவின் ஜீப்பில் இருந்த இரும்புச் சங்கிலியைப் பட்டறையில் கொடுத்து இந்த அளவுக்கு இரண்டு கண்ணி சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன். ஏற்றத்தின் அடியில் கட்டி, மேலே போனதும் அவிழ்த்துவிட வேண்டும். தார்ச்சாலையில் ஓட்டினால் சங்கிலியும் போகும், டயரும் போகும். கட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும், கையெல்லாம் சேறாகும்.

சட்டப்படி 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருக்கும்வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறிய மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். மெட்டு ஏறுகிற வண்டிக்கு அது மிகவும் தாமதம் என்பது என் எண்ணம். நான் 4 மி.மீட்டரில் மாற்றிவிடுவேன். கழற்றியவை போடிக்குள்ளேயே ஓடுகிற யாராவது வண்டிக்குப் போகும்.